செப்சிஸுக்குப் பிறகு கிரியாட்டினின் 1.1: இனி டெஸ்ட் வேண்டாமா?

வணக்கம் நண்பரே. சிறுநீர்த் தொற்று முற்றி செப்சிஸ் (தொற்றால் உறுப்புகளே பழுதாகும் ஆபத்தான நிலை), ஐசியூவில் டயாலிசிஸ், இப்போது அப்பாவுக்குக் கிரியாட்டினின் 1.1, இனி டெஸ்ட் எதற்கு என்கிறீர்கள். அந்த 1.1-ஐ மட்டும் நம்பாதீர்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைக் கிட்னி வெளியேற்றுகிறதா என்றுதான் இந்த டெஸ்டில் பார்க்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்து சதை வற்றியவருக்கு, கிட்னி முழுதாகத் தேறாவிட்டாலும் எண் அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்த டெஸ்டும் பாருங்கள், அதுவும் கிட்னியின் நிலையைக் காட்டும், அதைத் தசை அவ்வளவாகப் பாதிக்காது. 3 மாதத்துக்குள் நெஃப்ராலஜிஸ்ட்டை (கிட்னி டாக்டர்) பார்த்து, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் எடுங்கள். ஒருமுறை இப்படி அடிபட்ட கிட்னியில் நாள்பட்ட நோய் வரும் வாய்ப்பு கூடுதல், அதுவும் சத்தமில்லாமல் வரும்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த டைக்ளோஃபெனாக்! கிட்னியைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை அது. அப்பாவின் முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். மாற்று என்ன என்று டாக்டர் சொல்லட்டும். வாந்தி, பேதி வந்தால் உடம்பில் நீர் வற்றும், அப்போது சில பிபி மாத்திரைகள் கிட்னிக்குச் சுமையாகலாம்; அதனால் பிபி மாத்திரையைத் தொடர்வதா என்று அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.