விந்தணு கவுண்ட் 11 மில்லியன்னு வந்திருக்கு, ஃபர்னஸ் வேலையை விட்டுடணுமா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 32 வயசு, கோயம்புத்தூர்ல ஒரு ஃபவுண்டரியில ஃபர்னஸ் பக்கம் வேலை. கல்யாணம் ஆகி ரெண்டரை வருஷம் ஆச்சு, இன்னும் குழந்தை இல்ல. மனைவிக்கு 28 வயசு, அவங்களுக்கு ஸ்கேன், ரத்த டெஸ்ட், ட்யூப் டெஸ்ட் எல்லாம் எடுத்து நார்மல்னு சொல்லிட்டாங்க. போன வாரம் தான் எனக்கு செமன் டெஸ்ட் எடுத்தோம். அளவு 2 மில்லி, கவுண்ட் ஒரு மில்லிக்கு 11 மில்லியன், மொட்டிலிட்டி (அணுவோட ஓட்டம்) 28 சதவீதம். உயரம் 168 செ.மீ, வெயிட் 91 கிலோ. ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட், சனிக்கிழமை மட்டும் சரக்கு. டெஸ்டுக்கு ஒன்றரை மாசம் முன்னாடி டெங்கு வந்து ஆஸ்பத்திரியில இருந்தேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைக்கிறேன். ஜிம்ல ஃப்ரெண்டு ஒருத்தன் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா கவுண்ட் ஏறும்ங்கிறான், அம்மா ஒரு லேகியம் வாங்கி வச்சிருக்காங்க. பிராய்லர் கோழியை நிறுத்தணுமா, வேலையை விடணுமா, என்ன சாப்பிடணும்?

பதில்: தம்பி, மத்தது எல்லாம் அப்புறம், முதல்ல அந்த ஊசி. போட்டுடாதீங்க. டெஸ்டோஸ்டிரோன் ஆம்பளை ஹார்மோன் தானே, வெளியில இருந்து குடுத்தா கவுண்ட் ஏறத்தானே செய்யும்னு தோணும், நடக்கிறது நேர் எதிர். ரத்தத்துல அந்த ஹார்மோன் நிறைய இருக்குன்னு தெரிஞ்ச உடனே மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி விதைக்கு அனுப்புற சிக்னலை நிறுத்திடும், விதை தானா தயாரிக்கிறதும் நின்னுடும், விந்தணு உருவாக விதைக்குள்ள ரத்தத்துல இருக்கிறதை விட பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேணும், அது இல்லாம போனா கவுண்ட் ஜீரோவுக்கே இறங்கலாம். 1990-கள்ல உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தா வச்சு ஆராய்ச்சி பண்ணுச்சு, அதுவே போதும்னு நினைக்கிறேன் உங்க ஃப்ரெண்டுக்கு பதில் சொல்ல. நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வரும், ஆனா மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியும் இழுக்கும். ஜிம்ல பாடி ஏத்துறதுக்குன்னு குடுக்கிற ஸ்டீராய்டும் இதே கதை தான்.

அடுத்தது டெங்கு. சம்பந்தம் இருக்காதுன்னு போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு உங்க கடிதத்துலயே முக்கியமா பட்டது அது தான். ஒரு விந்தணு விதைக்குள்ள முழுசா உருவாக சுமார் 72 நாள் ஆகும், அப்புறம் விதைக்கு பின்னாடி இருக்கிற சுருள் குழாய்ல தங்கி நீந்த பழகி வெளிய வர இன்னும் ரெண்டு வாரம் போல, ஆக மொத்தம் மூணு மாசம்னு வச்சுக்கோங்க. போன வாரம் நீங்க குடுத்த சாம்பிள்ல இருந்த அணுக்கள், டெங்கு காய்ச்சல்ல உடம்பு கொதிச்சப்ப விதைக்குள்ள பாதி வளர்ச்சியில இருந்தவை. டெங்குன்னு இல்ல, எந்த கடுமையான காய்ச்சல் வந்தாலும் அதுக்கு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு கவுண்டும் மொட்டிலிட்டியும் இறங்கி, அப்புறம் மெதுவா ஏறும். அதனால இந்த ஒரு ரிப்போர்ட்டை வச்சு நீங்க இப்படித்தான்னு யாரும் முடிவு கட்டக்கூடாது, நீங்களும் கட்டாதீங்க. காய்ச்சல் வந்து மூணு மாசம் முடிஞ்ச பிறகு இன்னொரு தடவை டெஸ்ட் குடுக்கணும்.

நம்பரைப் பத்தியும் சொல்லிடறேன். 2021-ல வந்த உலக சுகாதார நிறுவன கையேட்டுல குறைஞ்சபட்ச அளவுன்னு இருக்கிறது ஒரு மில்லிக்கு 16 மில்லியன், மொத்தமா 39 மில்லியன், மொட்டிலிட்டி 42 சதவீதம். உங்களுக்கு 2 மில்லியில மொத்தம் 22 மில்லியன் வருது, குறைவு தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த 16 எப்படி வந்துச்சுன்னா, ஒரு வருஷத்துக்குள்ள மனைவி கர்ப்பமான ஆண்களோட ரிப்போர்ட்டை எல்லாம் வரிசைப்படுத்தி, அதுல கடைசி 5 சதவீதம் எங்க முடியுதோ அங்க கோடு போட்டிருக்காங்க. அதாவது குழந்தைக்கு அப்பா ஆனவங்கள்லயே நூத்துக்கு அஞ்சு பேர் அந்த கோட்டுக்கு கீழ தான் இருந்திருக்காங்க. கீழ இருந்தா லேட்டாகலாம், உதவி தேவைப்படலாம், அவ்வளவு தான், ஆகவே ஆகாதுன்னு அதுக்கு அர்த்தம் கிடையாது.

இப்ப ஃபர்னஸ். விதை உடம்புக்கு வெளிய தொங்குறதுக்கு காரணமே சூடு தான், உடம்பு சூட்டை விட 2 முதல் 4 டிகிரி குறைவா இருந்தா தான் அங்க வேலை ஒழுங்கா நடக்கும். வருஷக்கணக்கா அடுப்பு, உலை முன்னாடி நிக்கிறவங்க, பேக்கரிக்காரங்க, வெல்டர், பரோட்டா மாஸ்டர், இவங்களுக்கெல்லாம் இந்த சூடு ஒரு காரணமா இருக்க வாய்ப்பு உண்டு. அதுக்காக சம்பளத்தை விட்டுட்டு வீட்ல உக்காருங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த டென்ஷன் வேற சேர்ந்துக்கும். சூப்பர்வைசர்கிட்ட பேசி ஒரு மூணு நாலு மாசம் மோல்டிங் பக்கமோ ஸ்டோர்ஸ் பக்கமோ மாத்திக்க முடியுதான்னு பாருங்க, முடியலைன்னா நடுநடுவுல உலையை விட்டு தள்ளி வந்து நில்லுங்க, தண்ணி நிறைய குடிங்க, உள்ளாடை இறுக்கமா இல்லாம காட்டன்ல போடுங்க. 2018-ல ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியில 656 ஆண்களைப் பார்த்ததுல, பெரும்பாலும் தளர்வான பாக்ஸர் போடுறவங்களுக்கு இறுக்கமா போடுறவங்களை விட விந்தணு அடர்த்தி 25 சதவீதம் அதிகமா இருந்துச்சு. வேலை முடிஞ்சு வந்து சுடுதண்ணியில குளிக்கிற பழக்கம் இருந்தா வெதுவெதுப்புக்கு மாத்துங்க, லேப்டாப்பை மடியில வச்சு படம் பார்க்காதீங்க. செல்போன் பாக்கெட்ல இருந்தா ஆபத்துன்னு வாட்ஸ்அப்ல வர்றதுக்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்ல, வேணும்னா சட்டை பாக்கெட்ல வச்சுக்கோங்க, நஷ்டம் ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, உங்க ஃபவுண்டரியில இரும்பு மட்டும் தானா, இல்ல பித்தளை, வெண்கலமும் ஊத்துறாங்களா? ஏன்னா அதுல ஈயம் கலந்திருக்கும், ஈயப்புகை விந்தணுவுக்கு நேரடி விஷம், பேட்டரி வேலை பார்க்கிறவங்களுக்கும் இதே பிரச்சினை. அப்படி இருந்தா ரத்தத்துல ஈய அளவு பார்க்க சொல்லுங்க, மாஸ்க் போடுங்க, வேலை டிரஸ்ஸோட வீட்டுக்கு போகாதீங்க. வேலை செய்யிற இடத்துல இருக்கிற கெமிக்கல் என்ன பண்ணும்னு உலகத்துக்கு புரிய வச்சது 1977-ல அமெரிக்காவுல கலிபோர்னியாவுல இருக்கிற லாத்ராப்ங்கிற ஊர்ல நடந்த விஷயம். அங்க டிபிசிபின்னு ஒரு பூச்சிமருந்து தயாரிச்ச தொழிலாளிங்க, நம்மள்ல யாருக்குமே குழந்தை நிக்கலையேன்னு தங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சு தான் டெஸ்டே எடுத்தாங்க, நிறைய பேருக்கு கவுண்ட் ரொம்ப குறைவு, சிலருக்கு சுத்தமா இல்ல. கண்டுபிடிச்சது டாக்டருங்க இல்ல, தங்களுக்குள்ள பேசிக்கிட்ட தொழிலாளிங்க, அதனால உங்க கூட வேலை பார்க்கிறவங்களையும் கூச்சப்படாம விசாரிச்சு பாருங்க.

ஆனா உண்மையை சொல்லணும்னா உலையை விட உங்க சிகரெட்டும் தொப்பையும் தான் எனக்கு பெரிசா தெரியுது. வேலையை விடணுமான்னு கேட்டீங்க, சிகரெட்டை விடணுமான்னு கேட்கவே இல்ல பாருங்க! புகையில இருக்கிற காட்மியம் மாதிரி உலோகங்களும் மத்த விஷங்களும் கவுண்டை குறைக்கும், ஓட்டத்தை குறைக்கும், அணுவுக்குள்ள இருக்கிற டிஎன்ஏவையே உடைக்கும், கரு தரிச்சாலும் கலையிற வாய்ப்பு அதுல கூடுது. அதுக்கு பதிலா ஹான்ஸ், குட்கான்னு மாறிடாதீங்க, அதுவும் புகையிலை தான். குறைக்கிறேன்னு இழுக்காம ஒரு தேதி வச்சு நிறுத்துங்க, முடியலைன்னா நிக்கோடின் சூயிங்கம் இருக்கு, டாக்டரை கேட்டு வாங்கிக்கோங்க. வெயிட்டுக்கு வருவோம், உயரத்துக்கு வெயிட் சரியான்னு பார்க்கிற பிஎம்ஐ கணக்கு உங்களுக்கு 32, அதிகம் தான், கொழுப்பு சும்மா உக்காந்திருக்கிற சதை இல்ல, அது உங்க டெஸ்டோஸ்டிரோனை எடுத்து ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனா மாத்திக்கிட்டே இருக்கும், தொடையும் அடிவயிறும் சேர்ந்து விதைப்பையை சூடா வேற வச்சிருக்கும். அஞ்சாறு கிலோ குறைச்சாலே நல்லது, பட்டினி வேணாம், ராத்திரி சோறை குறைச்சு தினமும் முக்கால் மணி நேரம் வேகமா நடங்க. சர்க்கரை இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க. சரக்கு சனிக்கிழமை மட்டும்னு சொல்றீங்க, அந்த ஒரு நாள்ல எவ்வளவுன்னு சொல்லல, இந்த மூணு மாசம் அதுவும் வேணாம்.

சாப்பாட்டு விஷயத்துல நீங்க நினைக்கிற அளவுக்கு மேஜிக் எதுவும் இல்ல. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்க, அதை சாப்பிட்டா குழந்தை பிறக்காதுன்னு பரப்புறது கட்டுக்கதை, அது வேகமா வளர்றது இனவிருத்தியாலயும் தீவனத்தாலயும் தான், கோழி சாப்பிடுங்க, எண்ணெய்ல பொரிச்சு தினமும் சாப்பிடாதீங்க. மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மீன், கீரை, முருங்கை, பருப்பு, பழம், ஒரு கைப்பிடி நிலக்கடலை, இது போதும். 2012-ல அமெரிக்காவுல இளைஞர்களுக்கு தினமும் 75 கிராம் வால்நட் 12 வாரம் குடுத்து பார்த்ததுல விந்தணுவோட உயிர்ப்பும் ஓட்டமும் கொஞ்சம் முன்னேறிச்சு, ஆனா வால்நட் விக்கிற விலைக்கு தினமும் 75 கிராம்னு நான் யாருக்கும் எழுதித் தர்றதில்ல. மெடிக்கல்ல ஜிங்க், ஃபோலிக் ஆசிட் மாத்திரை நிறைய விக்கிறாங்க, 2020-ல 2,370 தம்பதிகள்ல ஆண்களுக்கு ஆறு மாசம் அதை குடுத்து பார்த்தாங்க, குழந்தை பிறக்கிறது கூடவும் இல்ல, விந்தணு தரம் ஏறவும் இல்ல, வயித்து தொந்தரவு தான் மிச்சம். லேகியம் பத்தி, டப்பா மேல உள்ள என்ன இருக்குன்னு எழுதியிருக்கா? எழுதலைன்னா தொடாதீங்க, அப்படி விக்கிற சிலதுல ஈயம், பாதரசம், சிலதுல ஸ்டீராய்டே கலந்திருக்கிறதை பார்த்திருக்கோம். அம்மா மனசு நோகாம நீங்களே சொல்லிக்கோங்க.

இதெல்லாம் பண்றேன்னு மூணு மாசம் டாக்டரையே பார்க்காம இருந்துடாதீங்க. யூராலஜிஸ்ட்டோ (சிறுநீர்ப்பாதை டாக்டர்) ஆண்ட்ராலஜிஸ்ட்டோ (ஆண்களோட குழந்தையின்மையை பார்க்கிற டாக்டர்) ஒருத்தரை இந்த மாசமே பாருங்க. ஆண்கள்ல சுமார் 15 சதவீதம் பேருக்கு, குழந்தை நிக்காம வர்ற ஆண்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல, விதைப்பையில இருக்கிற ரத்தக்குழாய் புடைச்சு சுருண்டிருக்கும், வெரிகோசீல்னு சொல்லுவோம், பெரும்பாலும் இடது பக்கம். வலியே இல்லாம வருஷக்கணக்கா இருக்கும், நிக்க வச்சு தொட்டு பார்த்தா தான் சரியா தெரியும். ஃபர்னஸ்ல நின்னு வேலை பார்க்கிறவருக்கு இதை பார்க்காம விடவே கூடாது, இருந்தா ஆபரேஷன்ல சரி பண்ணலாம், பல பேருக்கு சில மாசத்துல ரிப்போர்ட் மாறும். சின்ன வயசுல விதை இறங்காம இருந்ததா, வயசுக்கு வந்த பிறகு புட்டாலம்மை வந்து விதை வீங்கிச்சா, இதையும் அவர்கிட்ட மறக்காம சொல்லுங்க. அடுத்த ரிப்போர்ட்ல கவுண்ட் 5 மில்லியனுக்கு கீழ போச்சுன்னா ஹார்மோன் டெஸ்டும் ஜெனெடிக் டெஸ்டும் கேட்பாங்க, பயப்பட வேணாம், அது வழக்கமான நடைமுறை.

ரெண்டரை வருஷமா உங்க மனைவி ட்யூப் டெஸ்ட் வரைக்கும் வலியோட எடுத்து முடிச்ச பிறகு, சில நூறு ரூபாய்ல முடியிற உங்க டெஸ்ட் போன வாரம் தான் நடந்திருக்கு. உங்களை மட்டும் திட்டல, நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் இப்படித்தான், ஆனா குழந்தை நிக்காத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதி பேர்கிட்ட ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கும். யார் கேட்டாலும் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டிருக்கோம்னு நீங்களே முன்னாடி நின்னு சொல்லுங்க.

மாதவிலக்கு தொடங்கினதுல இருந்து பதினாலாம் நாள் மட்டும் சேரணும்னு கணக்கு போட்டு அதுவரை விந்தை சேர்த்து வைக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, நீங்க அதை எழுதல, இருந்தா விட்டுடுங்க. பத்து நாள் சேர்த்து வச்சா எண்ணிக்கை கூடலாம், ஓட்டம் குறையும். முட்டை வெளிவர்ற நாளும் அதுக்கு முந்தின அஞ்சு நாளும் தான் வாய்ப்பு, அது எப்பன்னு துல்லியமா தெரியாது, அதனால மாதவிலக்கு முடிஞ்சதுல இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தா போதும்.

அடுத்த டெஸ்டுக்கு, கடைசியா விந்து வெளியேறினதுல இருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு போங்க, முடிஞ்சா லேப்லயே எடுத்து குடுங்க, வீட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள உடம்போட ஒட்டி வச்சு கொண்டு போகணும், ஃப்ரிட்ஜ் கூடாது, காண்டம்ல எடுக்கக்கூடாது. முதல்ல வர்ற துளியில தான் அணு அதிகம், அது சிந்திட்டா மறைக்காம லேப்ல சொல்லிடுங்க. பழைய ரிப்போர்ட்டையும் கையில எடுத்துட்டு போங்க, டெங்கு வந்த தேதியை அதுலயே எழுதி வச்சுக்கோங்க.