சாலிட்டேர் கேள்வி-பதில்: காலி வரிசையும் மூன்று மூன்றாகப் புரட்டலும்

கேள்வி: சாலிட்டேரில் எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க முடியுமா, முடியாதா? வீட்டில் பெரிய வாக்குவாதம்.

பதில்: தனி ஆளாக ஆடும் சீட்டாட்டம் எல்லாமே சாலிட்டேர்தான், இதில் எந்த சாலிட்டேர்? அதைச் சொல்லாமல் வாதாடினால் விடியும்வரை தீராது. கிளாண்டைக் என்றால் முடியாது. கையிருப்புக் கட்டை மூன்று மூன்றாகப் புரட்டும் ஆட்டத்தில், கவிழ்ந்திருக்கும் சீட்டெல்லாம் தெரிந்து, ஒரு தப்பும் இல்லாமல் ஆடினாலும் நூற்றுக்கு எண்பது சொச்சம்தான் தேறும். தெரியாமல் ஆடும்போது அது வெகுவாகக் குறையும். ஃப்ரீசெல் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே முடியும். விண்டோஸில் வந்த முதல் 32,000 ஆட்டங்களில் தீராதது 11982-ம் எண் ஆட்டம் ஒன்றுதான். தீர்வு இருப்பதற்கு, ஆளுக்கொரு சீட்டைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் அந்த நாலு ‘செல்’ காரணம். அதை நாம் கண்டுபிடிக்க முடிவதற்கு 52 சீட்டும் திறந்து கிடப்பது காரணம்.

கேள்வி: சீட்டு நகர மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: ஆட்டத்தின் பெயர் இல்லை, எந்தச் சீட்டு என்று இல்லை, எங்கே வைக்கப் பார்த்தீர்கள் என்றும் இல்லை. இவை மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஃப்ரீசெல்லில் இரண்டு செல்லும் ஒரு வரிசையும் காலி. சிவப்பு, கறுப்பு மாறி மாறிச் சரியாகவே இறங்கும் ஏழு சீட்டை இன்னொரு வரிசைக்கு நகர்த்த விடவில்லை.

பதில்: ஆறுதான் போகும். ஃப்ரீசெல்லில் ஒரு நேரத்தில் ஒரு சீட்டுதான் நகரும். கொத்தாகப் போவது போலத் தெரிவது, செல்களில் இறக்கி ஏற்றும் வேலையைக் கணினி நமக்காகச் செய்வதால். கணக்கு இது: காலி செல்லோடு ஒன்றைக் கூட்டுங்கள், காலி வரிசை ஒவ்வொன்றுக்கும் இரட்டியுங்கள். இரண்டும் ஒன்றும் மூன்று, இரட்டித்தால் ஆறு. அந்தக் காலி வரிசைக்கே நகர்த்துவதென்றால் இரட்டிப்பு கிடையாது, மூன்றோடு சரி.

இதே நிலையில் ஒரு சீட்டை ஒதுக்க வேண்டும் என்றால், செல்லில் வைத்தால் ஆறு நாலாகும். காலி வரிசையில் வைத்தால் மூன்றாகும். எப்போதும் சொல்வதுதான்: காலி வரிசையை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்.

கேள்வி: கிளாண்டைக்கில் ஒவ்வொன்றாகப் புரட்டினால் ஓரளவு ஜெயிக்கிறேன். மூன்று மூன்றாகப் புரட்டினால் தோல்விதான். வெறும் அதிர்ஷ்டமா?

பதில்: இல்லை, இல்லவே இல்லை. பொருந்துகிற சீட்டைக் கண்டதும் எடுத்துவிடுகிறீர்கள், அதுதான் கோளாறு. பெரும்பாலோர் இதைத்தான் செய்துவிட்டுச் சீட்டின்மேல் பழி போடுகிறார்கள்.

ஏழு வரிசைக்கு 28 போனால் கட்டில் மீதி 24. அதற்கு 1 முதல் 24 வரை எண் கொடுங்கள். முதல் சுற்றில் மேலே வருபவை 3, 6, 9 என்று 24 வரை எட்டுச் சீட்டு. நீங்கள் 3-ஐ மட்டும் எடுத்தால் அதன் அடியிலிருந்த 2 உடனே கைக்கு வரும். அடுத்த சுற்றில் கட்டு முழுவதும் ஓரிடம் நகர்ந்து 4, 7, 10, 13, 16, 19, 22 மேலே வரும், கடைசியில் 24. அதாவது இதுவரை கண்ணில் படாத ஏழு சீட்டு. மாறாக 24-ஐ மட்டும் எடுத்தால், முன்னால் பார்த்த அதே 3, 6, 9தான் திரும்ப வரும். கடைசியில் 23 மட்டும் புதிது. முதல் கொத்து மூன்றையும் எடுத்துவிட்டாலும் அப்படித்தான், பின்னால் இருப்பது இம்மியும் நகராது.

ஆகவே முதல் சுற்றில் எதையும் எடுக்காமல் 24 வரை புரட்டி, எட்டுச் சீட்டையும் மனதில் வையுங்கள். பிறகு வேண்டிய சீட்டு எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் எத்தனை எடுத்தால் அது மேலே வரும் என்று கணக்குப் போடுங்கள். கட்டின் கடைசிச் சீட்டு எப்படியும் மேலே வரும், அதற்காக அலட்டிக்கொள்ள வேண்டாம். மூன்றே சுற்று என்று விதி வைத்து ஆடுபவர்களுக்கு மட்டும் இந்த ஒத்திகைச் சுற்று கட்டுப்படியாகாது.

இன்னொன்று: இங்கே காலி இடத்தில் ராஜா மட்டுமே உட்காரும். கையில் ராஜா இல்லாமல் வரிசையைக் காலி செய்தால் ஒரு வரிசை குறைந்ததுதான் மிச்சம்.

கேள்வி: ஸ்பைடரில் புதுச் சீட்டு விழ மறுக்கிறது. செயலியில் பிழையா?

பதில்: ஏதோ ஒரு வரிசை காலியாக இருக்கும். ஒரு சீட்டாவது வையுங்கள், விழும். காலி வரிசையை நிரப்பச் சொல்லும் ஒரே இடம் இது.

கேள்வி: ஒரே இன ஸ்பைடரில் அநேகமாக எப்போதும் ஜெயிக்கிறேன். நாலு இனத்தில் ஒன்றுகூட முடிவதில்லை.

பதில்: சீட்டு அதே 104, வரிசை அதே பத்து, ஆட்டம்தான் வேறு. ஒரே இனத்தில் இறங்குமுகமாக அடுக்கியது எல்லாம் சேர்ந்தே நகரும். நாலு இனத்தில் இஸ்பேட் ஒன்பதின்மேல் ஆர்ட்டின் எட்டை வைக்கலாம், ஆனால் அந்த ஒன்பதைப் பிறகு நகர்த்த முதலில் எட்டைத் தூக்க வேறு இடம் தேட வேண்டும். முடிந்தவரை அதே இனத்தில் அடுக்குங்கள். கலந்துதான் ஆகவேண்டும் என்றால் ராணி, ஜாக்கி போன்ற பெரிய சீட்டில் தொடங்குங்கள். மூன்றின்மேல் இரண்டை வைத்தால் அடுத்து ஏஸோடு வழி அடைபடும். தொடக்கத்தில் ஐந்து சீட்டு விழுந்த ஆறு வரிசைகளில் கவிழ்ந்திருப்பது நாலுதான், மற்றவற்றில் ஐந்து. திறக்கும் முயற்சியை அந்த ஆறில் ஆரம்பியுங்கள். வரிசை காலியானதும் உடனே ராஜாவைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். கலந்து கிடக்கும் அடுக்கைப் பிரித்து இனவாரியாகச் சேர்க்க அந்த இடம் வேண்டும்.

கேள்வி: பிரமிட் ஆட்டம் தேறாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: சில சமயம் முடியும். இதில் கூட்டினால் பதின்மூன்று வரும் இரண்டு சீட்டை ஜோடியாக எடுக்க வேண்டும், ஆகவே ஏழுக்கு ஆறு வேண்டும். ஏழு ஒன்றை மறைத்து நிற்கும் முக்கோணத்துக்குள்ளேயே நாலு ஆறும் மாட்டியிருந்தால் ஆட்டம் முடிந்தது, புதிதாகப் போடுங்கள். ராணிக்கும் ஏஸுக்கும், ஜாக்கிக்கும் இரண்டுக்கும் இதே சோதனைதான். ராஜா தனியாகவே போய்விடும்.

கேள்வி: யூகானும் கிளாண்டைக்கும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. யூகானில் கையிருப்புக் கட்டே கிடையாது, 52-ம் ஏழு வரிசையில் விழுந்துவிடும். திறந்த சீட்டு எதையும் அதன்மேல் கிடப்பது ஒழுங்கில்லாமல் இருந்தாலும் அப்படியே சேர்த்து நகர்த்தலாம்.

கேள்வி: நிஜச் சீட்டில் ஆடினால் ஒரே இனம் கும்பலாக வருகிறதே?

பதில்: ஜெயித்த ஆட்டத்தின் நாலு அடுக்கையும் அப்படியே சேர்த்து இரண்டு தடவை கலைத்திருப்பீர்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று விழும்படி ஏழு தடவையாவது கலையுங்கள். ஸ்பைடருக்கு இரண்டு கட்டு, அதற்கு இன்னும் இரண்டு தடவை கூட.