மசினகுடியின் காய்ந்த காடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பங்குனியில் குடும்பத்தோடு ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினோம். மேலே பச்சைப்பசேல் என்றிருந்த மலை, கீழே வரவர மொட்டை மரமும் முள்ளும் காய்ந்த புல்லுமாக மாறிவிட்டது. ஒரு புதர் மட்டும் வழியெல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. எங்கள் நண்பர்கள் குழு ஆண்டுதோறும் ஊரில் மரம் நடுகிறது. அனுமதி வாங்கி அங்கேயும் கன்று நட்டால் காட்டை மீட்க முடியுமா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் அக்கறை பெரியது. ஆனால் தயவுசெய்து அங்கே கன்று நடாதீர்கள். நீங்கள் பார்த்தது அழிந்துபோன காடு அல்ல. கோடையில் அது அப்படித்தான் இருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்றை நீலகிரி மறித்துக்கொள்வதால், மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பகுதி மழைமறைவில் கிடக்கிறது. மண்ணில் ஈரம் குறைந்ததும் வெக்காலி, தேக்கு, நெல்லி எல்லாம் இலையைக் கொட்டிவிடும். இலையை வைத்துக்கொண்டிருந்தால் இருக்கிற கொஞ்ச நீரும் அதன் வழியே போய்விடும். அந்த மொட்டைக் கிளையில்தான் புரசு செம்மஞ்சளாகப் பூக்கிறது, மைனாக்கள் தேனுக்கு மொய்க்கின்றன. மரங்கள் இடைவெளி விட்டு நிற்பதால் தரையில் வெயில் விழுகிறது, புல் வளர்கிறது. யானையும் காட்டுமாடும் மானும் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. நீங்கள் நிழல்மரம் நட்டு அடைத்தால் முதலில் போவது புல்.

நடுகிற வேலையை அங்கே மற்றவர்கள் செய்கிறார்கள். புள்ளிமான் கீழே விழுந்த நெல்லிக்காயை முழுதாக விழுங்கும். அப்புறம் நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். மான் படுத்து எழுந்த இடத்தில் குனிந்து பார்த்தால் சதை துளியும் ஒட்டாமல் ஆறு பட்டை கொண்ட நெல்லிக்கொட்டைகள் கிடக்கும். சந்தனமோ பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சி வளர்வது. குழி வெட்டித் தனியே நட்டால் தேறாது.

உங்களுக்கு ஆறுதலாகத் தெரிந்த அந்தப் பச்சைப் புதர்தான் அங்கே நோய். அது உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வெள்ளைக்காரர் காலத்தில் தோட்ட அழகுக்காக வந்தது. இலை நஞ்சு என்பதால் மாடும் மானும் பெரும்பாலும் தொடுவதில்லை, அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை, தீப்பிடித்தால் மரக்கிளை வரை ஏற்றிவிடும். இன்னும் கீழே, மாயாற்றுப் பள்ளத்தாக்கில், வெளிமான் மேயும் வெட்டவெளியைச் சீமைக்கருவேலம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. பச்சையாக இருப்பதெல்லாம் நல்லது என்று நாம் பழகிவிட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதே ஆற்றங்கரை நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்றபோது உடலில் சேர்ந்து, நாட்டில் கிட்டத்தட்ட இல்லாமலே போன பறவை அது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைக்குப் போடத் தடை வந்தது. தென்னிந்தியாவில் அவை இன்னும் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் இந்தக் காய்ந்த பள்ளத்தாக்கும் ஒன்று.

சரி, உங்கள் குழு என்ன செய்யலாம்? அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கையே வகுத்திருக்கிறது. உண்ணிச்செடியை அகற்ற ஆள் வேண்டுமா என்று வனத்துறையிடம் கேளுங்கள். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள், தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும் என்பதால், தொடர்ந்து சில ஆண்டுகள் வரத் தயாராக இருந்தால் மட்டும் கேளுங்கள்.