பனங்காணியில் கிடைத்த காளைக் காசு: யாருடையது, யாரிடம் கொடுப்பது?

வடமராட்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன் கொண்டுவந்த உலோகம் கண்டறியும் கருவியால் தங்களுடைய பனங்காணியில் தேடியபோது, அரை முழ ஆழத்து மணலில் ஒரு செப்புக் காசு அகப்பட்டதாம். ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கும் காளையும் அதன் கீழே ‘ரெது’ என்பது போன்ற எழுத்தும். இது சோழர் காசா, என்ன விலை பெறும், ‘பரிசோதனைக்கு’ 25,000 ரூபா முற்பணம் கேட்கும் தரகரை நம்பலாமா என்பன அவருடைய கேள்விகள்.

முதற் கேள்விக்கு விடை சொல்வது கடினமன்று. அனுப்பிய படம் மங்கலாக இருந்தாலும், காளையும் அதன் கீழுள்ள எழுத்தும் சேர்ந்து, இது நல்லூரில் இருந்து யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் சேது நாணயம் என்றே காட்டுகின்றன. நீங்கள் ‘ரெது’ என்று வாசித்தது ‘சேது’. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இன்று நாம் வேறு வேறு கொம்பு போடுகிறோம். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அந்த வேறுபாட்டைக் கொண்டுவருவதற்கு முன்பு இரண்டுக்கும் ஒரே கொம்புதான் இருந்தது. ஆகவே பழைய காசில் அது ‘செது’ என்றே தெரியும். சகரத்தின் குறுக்குக்கோடு தேய்ந்திருந்தால் ரகரம் போல மயக்கும். ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றியைச் சொல்லும் கொட்டகம கல்வெட்டிலும் இதே சொல் தலைப்பில் நிற்கிறது. இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கும் இந்தச் சொல் உரியது என்பதால் இந்தக் காசுகள் யாருடையவை என்ற வாதம் நெடுநாள் நடந்தது. யாழ்ப்பாண மண்ணில் கிடைத்த உங்கள் காசைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்குள் நாம் போகத் தேவையில்லை. இங்கு அடிக்கடி கிடைக்கும் இராஜராஜனின் செப்புக் காசில் காளை இராது. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்திருக்கும் உருவமும் இருக்க, எழுத்து நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்றிருக்கும்.

உறுதிசெய்ய இன்னும் நல்ல படம் வேண்டும். காசைக் கழுவ வேண்டாம். புளி, தேசிக்காய், பித்தளை மினுக்கும் களிம்பு, கம்பித் தூரிகை ஆகிய எதுவும் அதன் மீது படக்கூடாது. பச்சையும் கருமையுமாகப் படிந்திருக்கும் அந்த மேற்படலத்தில்தான் எழுத்தின் விளிம்பு காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதைத் தேய்த்தெடுத்தால் மினுங்கும் செப்புத் தகடு மிஞ்சும், எழுத்து மிஞ்சாது. காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியில் வைத்து, பக்கத்தில் அடிமட்டம் ஒன்றையும் வைத்து, இரு பக்கங்களையும் படமெடுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுத்து நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுப்பதோடு நிற்க வேண்டும். உரைகல்லில் உரசிப் பார்க்க ஒருவரையும் விடாதீர்கள்.

இனித் தரகர். நாணயத்தை அறிந்தவன் எவனும் படத்தையும் நிறையையும் கொண்டு கருத்துச் சொல்லுவான். அதற்கு முற்பணம் கேட்க மாட்டான். 25,000 ரூபாவைக் கொடுத்த மறுநாள், ‘கொழும்பில் ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது, இன்னும் 50,000 வேண்டும்’ என்பார்கள். அதன் பிறகு ‘வெளிநாட்டு வாங்குநர்’ ஒருவர் தொலைபேசியில் பேசுவார்; அவர் அடுத்த தெருவில் இருந்தே பேசுவார். காசு அரிசியை ஈர்க்கிறது, உள்ளே இரிடியம் இருக்கிறது என்று உங்கள் கண்முன்னே காட்டுபவர்களும் உண்டு. அந்த அரிசியில் இரும்புத் துகள் ஏற்றியிருப்பார்கள், காட்டும் காசில் காந்தம் ஒளித்திருப்பார்கள். செப்புக் காசு அரிசியை ஒருநாளும் இழுக்காது. இதைவிடக் கொடியது, ‘ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று வாங்கிப் போய் வார்ப்புப் போலியைத் திருப்பித் தருவது. திரும்பி வந்ததன் விளிம்பில் வார்ப்பின் கோடு ஓடுகிறதா, மேற்பரப்பில் காற்றுக் குமிழிகளின் சிறு குழிகள் இருக்கின்றனவா என்று உருப்பெருக்கியால் பார்த்தவர்களுக்குத்தான் இழந்தது தெரியவரும், அப்போது காலம் கடந்திருக்கும். கிழவிகளின் கையிலிருந்து இப்படிப் போன காசுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

விலை பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன்பு சட்டம் நிற்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாகக் கருதத்தக்க பொருள், மண்ணுக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடக்கும்போதே அரசின் உடைமை. காணி உறுதி உங்கள் பெயரில் இருப்பதால் காசு உங்களுடையதாகிவிடாது. தொல்பொருள் தேடி அகழ்வதற்கு, சொந்த நிலத்திலும், அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே விற்பனைப் பேச்சை இத்துடன் விட்டுவிடுங்கள்.

அந்தத் திகதி கண்டி ஒப்பந்தத்தின் திகதி. அதில் ஒரு சிக்கல் உண்டு. பலர் தடுமாறுவதால் விரிவாகச் சொல்கிறேன். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘வி.ஓ.சி.’ முத்திரைக் காசுகள் பின்னர் எத்தனை காலம் கைமாறியிருந்தாலும் 1700களில் அடிக்கப்பட்டவை, அவை தொல்பொருளே. பனை வகை மரமொன்றையும் 1870 முதலான ஆண்டுகளையும் தாங்கிய விக்டோரியா மகாராணியின் சதக்காசுகள் தொல்பொருள் அல்ல. இரண்டுக்கும் இடையில், ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் மறுபக்கம் யானையும் கீழே 1815 என்ற ஆண்டும் கொண்ட செப்புக் காசு இருக்கிறது. ஆண்டு சரியாக எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. மாதமோ காசில் இல்லை. லண்டனில் அடித்துக் கப்பலில் வந்த காசு மார்ச்சுக்கு முன்பு அடிக்கப்பட்டதா, பின்பு அடிக்கப்பட்டதா என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிடைத்தால் தொல்பொருளாகவே நடத்துங்கள். உங்கள் சேது காசுக்கு இந்த ஐயமே இல்லை. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது.

செய்ய வேண்டியது இது. தேடுவதை உடனே நிறுத்துங்கள். அனுமதியில்லாதது மட்டும் காரணமன்று. போர் நடந்த மண்ணில் அந்தக் கருவி ஒலியெழுப்பும் இடத்தில் இருப்பது காசா, வெடிக்காத குண்டா என்று அதற்குத் தெரியாது. முகமாலையில் கண்ணிவெடி அகற்ற எத்தனை ஆண்டுகள் உழைத்தார்கள் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். காசு கிடைத்த இடம், ஆழம், பக்கத்தில் ஓட்டுத் துண்டோ சாம்பலோ இருந்ததா என்பவற்றை எழுதி, படங்களுடன் தொல்லியல் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இவ்விடத்தில் ஓர் ஆதங்கம். ஒப்படைக்க வந்தவரைக் கள்ளனைப் போல விசாரித்து, மேசைக்கு மேசை அனுப்பி, தனக்குத் தெரியாத மொழியிலுள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கிய ஓர் அலுவலகத்தை நானே பார்த்திருக்கிறேன். இந்த நடைமுறைதான் தரகர்களை வாழவைக்கிறது. எனவே தனியாகப் போக வேண்டாம்; கிராம அலுவலரையோ ஊர்ப் பாடசாலை வரலாற்று ஆசிரியரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். நிறை, விட்டம், இரு பக்க விவரம், திகதி ஆகியவற்றுடன் பற்றுச்சீட்டு கேளுங்கள். தரும்வரை காசைக் கையிலிருந்து விடாதீர்கள். எந்தக் காசு எந்த மண்ணில் கிடைத்தது என்ற குறிப்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினருக்கும் பயன்படும். அவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

மருமகன் நினைவுப் பொருளாகக் கேட்டால் படத்தை மட்டும் கொடுங்கள். உரிமமின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பையைத் திறந்து காசை எடுத்தால், காணி உறுதியும் உதவாது, இந்தப் பத்தியும் உதவாது.