மந்திரமும் கைராசியும்

அன்புள்ள அக்கா,

ஒரு ஃபேன்டசி நாவல் எழுதிட்டிருக்கேன். மலைமேல ஒரு மந்திரக்காரங்க ஊரு. அங்க ஆம்பளைங்க மட்டும்தான் கோல் பிடிக்கலாம். பொண்ணுங்களுக்கு மூலிகை, பிரசவம், ஆடுமாடு வைத்தியம். காலங்காலமா அப்படித்தான். என் தோழி படிச்சுட்டு "கற்பனைல கூட இதை விடமாட்டியா"ன்னு கேட்டுட்டா. உர்சுலா லெ குவினோட எர்த்சீ நாவல்கள்லயும் ரோக்ங்கிற மந்திரப் பள்ளிக்கூடத்துல ஆம்பளைங்க மட்டும்தானே படிக்கிறாங்க? கதாநாயகன் கெட்டோட அத்தை ஒரு சாதாரண கிராமத்து சூனியக்காரிதானே? அதை யாரும் தப்பு சொல்லலையே. ஹாரி பாட்டர்ல வர்ற ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்கூடம் மாதிரி எல்லாரும் சமம்னு எழுதினாதான் ஏத்துப்பாங்களா? மரபை அப்படியே காட்டுறது தப்பா? (பேர் போட வேண்டாம்.)

தம்பி,

முதல்ல ஒண்ணு, அவ அத்தை இல்ல. இங்கிலீஷ்ல ஒரே 'ஆன்ட்'டுக்குள்ள எல்லாரையும் அடைச்சுடுவாங்க, நமக்கு அந்த வசதி கிடையாது. கெட்டோட அம்மா அவன் கைக்குழந்தையா இருக்கும்போதே செத்துப்போறா, அந்த அம்மாவோட கூடப்பொறந்தவ இவ. அக்காவா தங்கச்சியான்னு புத்தகத்துல இல்ல, நான் சித்தின்னு வச்சுக்கிறேன். அத்தைக்குப் பொறந்த வீட்டுல ஒரு உரிமை இருக்கு, சீர் கேட்டு சண்டை போடலாம், வாசல்ல நின்னு கத்தலாம். இவளுக்கு அங்க என்ன இருக்கு? அக்கா போயிட்டா, பிள்ளையைக் கொஞ்ச நாள் பாத்துக்கிட்டா, அவன் தானா நடமாட ஆரம்பிச்சதும் தன் சோலியைப் பாக்கப் போயிட்டா. கதையில அவளோட இடமே அதுதான், நீங்க ஒரே வார்த்தையில மாத்திட்டீங்க.

ஹாக்வார்ட்ஸை விடுங்க. நாலு பேர் சேந்து ஆரம்பிச்சாங்க, அதுல ரெண்டு பேர் பொம்பளைங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா வீஸ்லி வீட்டு அடுப்படியில ஏழு பிள்ளைக்கும் பொங்கிப்போட்டு ஸ்வெட்டரும் பின்னுறது யாருன்னு போய்ப் பாருங்க. மந்திரம் இருந்தும் அந்தம்மாவுக்கு அடுப்படி போகல. டிராகன் பறக்குற ஊர்ல பொம்பளை கோல் பிடிக்கக்கூடாதாங்கிற கேள்வியை ஆயிரம் பேர் கேட்டாச்சு, உங்க தோழி கேட்டதும் ஏறக்குறைய அதுதான், நான் கேக்கப்போறது இல்ல. எனக்குக் கோவம் வந்தது ஒரே ஒரு வார்த்தைக்கு. 'காலங்காலமா'.

போன மாசம் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன், அதுல இருந்து இந்த வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு, உங்க கடிதமும் சரியா அந்த நேரத்துல வந்து சேந்துச்சு. அண்ணனுக்கு அப்புறம் வரேன்.

எர்த்சீ முதல் புத்தகம் 1968ல வந்துச்சு. ஆரம்பமே சித்திதான். குடிசைக் கூரைமேல ஏறின ஆடு ஒண்ணு இறங்கமாட்டேங்குது, அவ ஏதோ ரெண்டு வரி சொல்றா, ஆடு இறங்கிடுது. ஏழு வயசுப் பய அதைக் கேட்டுட்டுப் போய் மறுநாள் மலைமேல மேய்ச்சல்ல அதே வரியைக் கத்துறான், மந்தை மொத்தமும் ஓடிவந்து அவனை நெருக்கிக்கிட்டு நிக்குது, விலகமாட்டேங்குது. ஓடுறான், அதுகளும் சேந்து ஓடுது. கடைசியில ஊருக்குள்ள வந்து அவனை ஆடுகள்கிட்ட இருந்து விடுவிக்கிறதும் சித்திதான். பருந்து, கழுகு இதுகளோட உண்மைப் பேரை அவனுக்குச் சொல்லிக்கொடுத்து, அவனை ஸ்பாரோஹாக்னு ஊர் கூப்பிடுற அளவுக்கு ஆக்கினவ அவ. அவங்க வாழுற தீவுல ஒரு பழமொழி உண்டு, பொம்பளை மந்திரம் மாதிரி பலமில்லாததுன்னு. இன்னொண்ணும் உண்டு, பொம்பளை மந்திரம் மாதிரி பொல்லாததுன்னு. பலமில்லாததாவும் பொல்லாததாவும் ஒரே நேரத்துல எப்படிடா இருக்கும்னு அந்த ஊர்ல ஒருத்தனும் கேக்கல. பதிமூணு வயசுல ஓஜியன்ங்கிற மாயாவி வந்து அவனுக்குப் பேர் வச்சுக் கூட்டிட்டுப் போறார், அதோட சித்தி கதையை விட்டே போயிடுறா. உலகத்துல எல்லாத்துக்கும் உண்மைப் பேர் இருக்குன்னு சொல்ற புத்தகத்துல, அவனுக்கு முதல் முதலா பேர்களைச் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பேரே இல்ல.

யாரும் தப்பு சொல்லலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் நீங்க மேலோட்டமா படிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எழுதினவங்களே சொன்னாங்கய்யா! மூணாவது புத்தகம் 1972ல வந்துச்சு, அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் கழிச்சு, 1990ல, 'தெஹானு'. அதுல பெரிய மாயாவி கெட் சக்தியெல்லாம் இழந்துட்டு ஒரு விதவையோட வீட்டுல வந்து கிடக்கிறான், கதை முழுக்க ஆடு, பாத்திரம், தீக்காயம் பட்ட ஒரு பொண்ணுக்குழந்தை. நிறைய வாசகர்களுக்குப் பிடிக்கல. எனக்கே முதல்தடவை பிடிக்கல, முப்பது வயசுக்கு மேல திரும்ப எடுத்தப்பதான் கீழ வைக்க முடியல.

2001ல வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ'ல லெ குவின் இன்னும் ஒரு படி மேல போனாங்க. ரோக் பள்ளிக்கூடம் எப்படி ஆரம்பிச்சதுன்னு ஒரு கதை. போய்ப் பாத்தா அதை ஆரம்பிச்சதே பொம்பளைங்கதான், கூட மெத்ராங்கிற ஒரு ஆம்பளையும். அவனும் அந்தப் பொம்பளைங்கள்ல ஒருத்தியும் காதலிச்சுச் சேந்து வாழ்ந்தவங்க, மாயாவின்னா பிரம்மச்சாரிங்கிற கட்டுப்பாடெல்லாம் அப்ப அங்க கிடையாது. பின்னாடி ஹால்கெல்னு ஒருத்தன் முதல் தலைமை மாயாவியா வந்து, பொம்பளைங்களுக்கு இடமில்லைன்னு கதவைச் சாத்தினான். அவ்வளவுதான் மரபு. பழைய புத்தகத்துல எழுதின ஒரு வரியைக்கூட அவங்க அழிக்கல, ரூல் அப்படியே இருக்கு, அது எப்ப வந்துச்சு, எவன் போட்டான்னு மட்டும் தோண்டி எடுத்துக் காட்டினாங்க. உங்க மலையூர்ல அந்த ஹால்கெல் யாரு? அவன் கதவைச் சாத்தின அன்னிக்கு உள்ள படிச்சிட்டிருந்த பொண்ணு சாயங்காலம் எங்க போனா? இது உங்களுக்குத் தெரியலைன்னா அது உங்க உலகமும் இல்ல, உங்க ரூல்ஸும் இல்ல, எங்கயோ கேட்டதை மலைமேல ஏத்தி வச்சிருக்கீங்க.

சரி, அண்ணன் கதை. எங்க அப்பத்தா தேள்கடிக்கு மந்திரிப்பா. (பலிச்சுதான்னு என்கிட்ட கேக்காதீங்க, இப்ப தேள் கடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.) அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரல. அவ அப்பா தன் மகனை உக்காரவச்சு சொல்லிக்கொடுத்தாரு, இவ தொழுவத்துல மாட்டுக்குக் கழுநீர் ஊத்திக்கிட்டே கேட்டா. அவளோட தம்பி பிழைப்புக்கு பம்பாய் போயிட்டாரு, அப்பா செத்துப்போயிட்டாரு, ஒருநாள் ராத்திரி யாரோ பிள்ளையைத் தூக்கிட்டு வந்து கதவைத் தட்டுனாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது. பக்கத்துத் தெருவுலயும் ஒருத்தர் மந்திரிப்பாரு. அவருக்குத் திண்ணையில பாய், வெத்தலை பாக்கு, துண்டு, தட்சணை. அப்பத்தாகிட்ட வர்றவங்க கொல்லைப்புறமா வருவாங்க, நாலு கத்திரிக்காயோ ஒரு படி கம்போ வச்சுட்டுப் போவாங்க. ரெண்டு பேர் கையிலயும் அதே வேப்பங்கொத்து, ரெண்டு பேர் உதடும் சத்தமில்லாம அசையும். அவரு செஞ்சா 'மந்திரம்'. இவ செஞ்சா 'ஆத்தாவுக்குக் கைராசி'. வித்தைன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. ராசின்னா அது தானா வந்தது பாருங்க, அவ கத்துக்கிட்டது ஆகாது, மழை பெய்யுற மாதிரி அவ கைக்கு எப்படியோ வந்து விழுந்தது. இந்த ஒரு சொல்லை நெனச்சா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வரும். சமையல்ல கைமணம், பிரசவத்துல கைராசி, ஒருத்தி நாப்பது வருஷம் பழகிப் பழகிச் சேத்த அறிவை அவளுக்கே தெரியாம அவ மணிக்கட்டுக்குக் கீழ இறக்கிடுறது.

1980 பிப்ரவரி, சூரிய கிரகணம். கிரகணத்தன்னிக்குத் தண்ணியில நின்னு உரு ஏத்தினா மந்திரம் நிக்கும்னு சொல்லுவாங்க. ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கிடந்துச்சு, அப்பத்தா மட்டும் அண்ணனை இழுத்துக்கிட்டு கம்மாய்க்குப் போனா. அவனுக்குப் பதிமூணு வயசு. எனக்கு ஒம்பது. அவனோட டவுசரையும் துண்டையும் வச்சுக்கிட்டுக் கரையில நான். வெயில் ஒருமாதிரி கலங்கலா இருந்துச்சு. அவன் இடுப்பளவு தண்ணியில நடுங்கிக்கிட்டு நிக்கிறான், அப்பத்தா ஓரமா குத்தவச்சு ஒவ்வொரு வரியா சொல்றா, அவன் தப்புத்தப்பா சொல்றான், அவ திட்டித் திட்டித் திரும்பச் சொல்றா. மொத்தம் நாலு வரி. அவன் ரெண்டாவது வரியைத் தாண்டுறதுக்குள்ள எனக்கு நாலும் மனப்பாடம் ஆயிடுச்சு. நானும் எறங்கட்டுமான்னு கேட்டேன். "பொட்டப்புள்ளைக்குச் சொன்னா பலிக்காதுடி"ன்னா. யாரு சொல்றா பாருங்க! அப்ப நீ யாரு அப்பத்தான்னு கேக்க எனக்கு அன்னிக்குத் தெரியல, தெரிஞ்சப்ப அவ இல்ல.

டெர்ரி ப்ராட்செட்டோட ஒரு நாவல் இருக்கு, 1987ல வந்தது, 'ஈக்வல் ரைட்ஸ்'. சாகப்போற மாயாவி ஒருத்தர் தன் கோலை எட்டாவது மகனோட எட்டாவது மகனுக்குன்னு கொடுத்துட்டுப் போறார், பாத்தா பொறந்திருக்கிறது பொண்ணு. அது மாயாவி ஆகக்கூடாதுன்னு முதல்ல அடம்பிடிக்கிறது கிராமத்துச் சூனியக்காரி கிரானி வெதர்வாக்ஸ்தான். படிச்சப்ப சிரிச்சேன், அப்புறம் புத்தகத்தை மூடி வச்சுட்டு அப்பத்தாவையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

போன மாசம் அண்ணன்கிட்ட அந்த நாலு வரியைக் கேட்டேன். ரிட்டையர் ஆகி வீட்டுல செடி வச்சுக்கிட்டிருக்கான். "தண்ணி சில்லுன்னு இருந்துச்சு, அதான் ஞாபகம்"னான். சொல்லிடலாம்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அண்ணி காபி கொண்டுவந்தாங்க, பேச்சு மாறிடுச்சு.

உங்க கேள்வி எங்கயோ நின்னுபோச்சு, மன்னிச்சுக்கோங்க தம்பி. எழுதுங்க, தோழியோட சண்டை போடாதீங்க, அடுத்த அத்தியாயத்தையும் அவகிட்டயே முதல்ல கொடுங்க. உங்க ஊர்ல ஆடுமாடு வைத்தியம் பாக்குறவளை நீங்க எழுதியிருக்கிறதுல ஒரு இடத்துலயாவது பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களான்னு பாருங்க. அப்புறம் எர்த்சீ பத்தி வேற யாருக்காவது எழுதினா, அத்தைன்னு எழுதாதீங்க.