பார்க்க எதுவுமில்லாத ஊரா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் பர்கூர் பக்கம். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் முதுகலை படிக்கிறேன். போன சனி ஞாயிறு தனியாகக் கொலோன் போனேன். நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் போக உதவும் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்திரப் பாஸ் இருந்ததால் ரயிலுக்குத் தனிச் செலவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு வேக ரயிலில் ஏற முடியாது, அரை நாள் வழியிலேயே போய்விட்டது. பேராலயக் கோபுரத்தின் 533 படிகளும் ஏறினேன். பாலத்தில் காதலர்கள் மாட்டிவிட்டுப் போன பூட்டுகளைப் படமெடுத்தேன். அப்புறம் என்ன செய்வதென்றே தெரியவில்லை. கல்விக் கடனில் படிக்கும்போது ஊர் சுற்றலாமா என்ற உறுத்தல் வேறு. பார்க்க எதுவுமே இல்லாத ஊரில் வளர்ந்ததால் எனக்குப் பார்க்கவே தெரியவில்லையோ?

அன்புள்ள தம்பி,

கடன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு ராத்திரி விடுதியில் தங்கியதால் குடும்பம் முழுகிவிடாது. வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், போதும்.

எனக்குக் கோபம் வந்தது கடைசி வரியில். பார்க்க எதுவுமே இல்லாத ஊரா? கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குள் ஒருநாளாவது கால் வைத்திருக்கிறீர்களா? அங்கே நடுகற்கள் இருக்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும், புலியோடு மோதிச் செத்தவனுக்கும் நம் பக்கத்து ஜனங்கள் கல் எடுத்தார்கள். மல்லசந்திரம் குன்றில் பலகைப் பாறைகளை நிறுத்தி, மேலே ஒன்றைப் போட்டு மூடிய கல்திட்டைகள், அந்தக் காலத்து ஈமச்சின்னங்கள், நிற்கின்றன. பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் இவ்வளவையும் விட்டுவிட்டு, ஊரில் ஒன்றுமில்லை என்று எழுத எப்படி மனசு வந்தது?

என் சித்தப்பா நம் பக்கத்துக் கிரானைட் குவாரியில் வேலை செய்தார். பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்துப் பிளப்பார்கள். பிளந்த கல்லில் பெயிண்டால் நம்பர் எழுதி, சங்கிலி போட்டு லாரியில் ஏற்றுவார்கள். "இதெல்லாம் எங்க போகுது சித்தப்பா?" என்று கேட்பேன். "கப்பல்ல போகுதுடா" என்பார். கப்பலுக்கு அந்தப் பக்கம் அவருக்கும் தெரியாது. கல்தூள் நெஞ்சில் படிந்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மூக்கில் கட்ட ஒரு துணிகூட முதலாளி கொடுத்ததில்லை.

அந்தக் கப்பல் போகிற இடங்களில் நீங்கள் படிக்கிற நாடும் ஒன்று. ஜெர்மனியின் கல்லறைத் தோட்டங்களில் இந்தியக் கிரானைட் நிறைய நிற்கிறது. நம் நாட்டுக் குவாரிகளில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்வது அங்கே தெரியவந்து பேச்சானபின், குழந்தைகளின் கைபட்ட கல்லறைக் கல் வேண்டாமென்று அங்குள்ள பல மாநிலங்கள் சட்டமே கொண்டுவந்தன. ஒருகாலத்தில் நம் செத்தவர்களுக்குக் கல் நட்ட மண்ணிலிருந்து இன்று அவர்களுடைய செத்தவர்களுக்குக் கல் போகிறது. இது தெரிந்திருந்தால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்குமா?

படிகளை எண்ணினீர்கள், சரி. அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தீர்களா? 1248இல் வேலை தொடங்கியபோது டிராகன்ஃபெல்ஸ் மலையில் கல் வெட்டி, ரைன் ஆற்றில் படகில் கொண்டுவந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் வேலை அடியோடு நின்றுபோனது. நீங்கள் ஏறினீர்களே, அந்தத் தெற்குக் கோபுரம்தான், பாதியில் நின்ற அதன் தலையில் கல் தூக்கும் மர யந்திரம் தலைமுறை தலைமுறையாக அப்படியே நின்றது. 1842இல் மறுபடி தொடங்கி 1880இல்தான் முடித்தார்கள். அத்தனை காலம் எத்தனை சித்தப்பாக்கள் அங்கே தூசி தின்றிருப்பார்கள் என்று குவாரி ஊர்ப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டாமா? தெரியாத ஊரில் நீங்கள் பார்த்திருக்கக்கூடியது, உடன் நின்று படமெடுத்த மற்றவர்களுக்குத் தெரியாதது, இதுதான்.

அடுத்த முறை கொலோன் போனால் மெலாட்டன் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். 1810இலிருந்து இருக்கிறது. பழைய சிற்பங்களைப் பார்த்துவிட்டு, புதிய கல்லறைகளுக்கு வாருங்கள். கல்லறைக் கல் செய்கிறவர் யாராவது கண்ணில் பட்டால் இது எந்த ஊர்க் கல் என்று கேளுங்கள். இந்தியா என்று சொன்னால் விட்டுவிடாமல் எந்த மாவட்டம் என்றும் கேளுங்கள்.

ஊருக்கு வரும்போது எழுதுங்கள். அருங்காட்சியகத்துக்கு நானும் கூட வருகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று பூட்டியிருக்கும்.