தம்பிக்குப் படியேறினால் இளைக்கிறது

ஒன்பது கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். தம்பிக்கு எலும்பு மச்சை மாற்று செய்து 28 நாள். பல் துலக்கினால் முரசு கசிகிறது, ஊசி போட்ட இடம் கன்றிக் கறுத்திருக்கிறது, ஒருநாள் மூக்கிலும் இரத்தம். இணையத்தில் தேடப்போய் 'நுரையீரல் இரத்தக்கசிவு' என்ற சொல்லிலும் அதன் இறப்பு வீதத்திலும் முட்டி, மூன்று இரவாக உங்களுக்குத் தூக்கமில்லை.

முரசும் கன்றலும், இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இன்னும் ஏறவில்லை என்பதன் அடையாளம். இந்த நாட்களில் அப்படித்தான் இருக்கும். மென்மையான பிரஷ் வாங்குங்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். மூக்கைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டால்தான் அவசரம்.

ஆனால் கையொப்பத்துக்குச் சற்று மேலே, போகிற போக்கில் ஒரு வரி: "வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, இரண்டு நாளாகப் படியேறினால் அவனுக்கு இளைக்கிறது, வரட்டு இருமலும் உண்டு, களைப்பாக்கும்." அதை வாசித்துவிட்டுத்தான் அன்றைக்கே உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் மருந்துகளும் கதிர்ச் சிகிச்சையும் நுரையீரலின் காற்றறைகளைச் சுற்றியுள்ள நுண்குழாய்களைப் புண்ணாக்கிவிடும். தொற்றும் சேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலும் முதல் மாதத்தில், புதிய இரத்தக் கலங்கள் தலைகாட்டும் நேரத்தில், அந்தக் குழாய்கள் சிலருக்குக் கசியத் தொடங்கும். நீங்கள் தேடிக் கண்ட நுரையீரல் இரத்தக்கசிவு இதுதான். கசிந்த இரத்தம் காற்றறைக்குள்ளேயே தேங்கிவிடும். பலருக்குச் சளியில் ஒரு சொட்டுக்கூட வராது. நீங்கள் தினமும் விரித்துப் பார்க்கும் கைலேஞ்சி வெள்ளையாகவே இருக்க, மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில் குழாய்க் கமராவை உள்ளே விட்டு, உப்புநீர் செலுத்தி உறிஞ்சும்போது, ஒவ்வொரு தடவையும் நீர் முந்தியதைவிடச் சிவந்து வரும். அப்போதுதான் பிடிபடும்.

நீங்கள் பார்த்துப் பயந்த இறப்பு வீதம் பொய்யில்லை. ஆனால் அது கசிவு வந்தவர்களின் கணக்கு. மாற்று செய்த நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத்தான் இது வருகிறது. இளைப்புக்கு இரத்தசோகையும் தொற்றும்கூடக் காரணமாகலாம். எது என்பதை வீட்டிலிருந்து ஊகிக்க வேண்டாம்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர் ஒன்று வாங்குங்கள். இருந்தபடி ஒருமுறை, அறைக்குள் நடந்துவிட்டு ஒருமுறை பாருங்கள். விரல் குளிர்ந்திருந்தால் எண் பிழைக்கும். 94க்குக் கீழே இறங்கினால், அல்லது காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால், மாற்று செய்த வார்டுக்கு உடனே அழையுங்கள். எண் நன்றாக இருந்தாலும் இளைப்புக் கூடினால் அதே விதிதான்.

அப்புறம் நீங்கள் எழுதியிருந்த பப்பாசி இலைச் சாறு. டெங்குக்கே நான் கொடுக்கச் சொல்வதில்லை, எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்புக்குப் பச்சைச் சாறு எதற்கு? தலையிடிக்கு நீங்கள் டிஸ்பிரின், அதாவது அஸ்பிரின், கொடுத்தது அதைவிட மோசம். இருக்கிற கொஞ்சப் பிளேட்லெட்டையும் அது வேலை செய்ய விடாது. பெட்டியோடு எறியுங்கள். பனடோல்கூடக் கேட்காமல் வேண்டாம், காய்ச்சலை மறைத்துவிடும்.

இரவில் மூச்சு முட்டினால் 1990 ஆம்புலன்ஸை அழையுங்கள். மாற்று செய்த திகதியும் மருந்துச் சீட்டும் கதவடியில் தயாராக இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வந்ததும் மூன்று மாடியும் தூக்கித்தான் இறக்க வேண்டும், அவரை நடக்க விடாதீர்கள்.